தயிர் கல்லாகாமல் உறைய

ஏப்ரல் கடைசியில் பள்ளிகளுக்கு லீவு விட்டதும் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று பல வீடுகளில் நடக்கும் சோதனை ஒன்று உண்டு. வீட்டுத் தயிரில் சர்க்கரையைக் கலக்கி, டம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்பூனையும் செருகி ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். மறுநாள் வெளியே வருவது ஒரு கட்டி. கடித்தால் பல் கூசும், நறநறவென்று பனிச்சில்லு அகப்படும், சப்பினால் புளிநீர்தான் வரும். கடையில் விற்கும் ஃப்ரோசன் யோகர்ட் நாக்கில் வழுக்கிக்கொண்டு கரைகிறதே, அதற்கு ஏதோ பெரிய இயந்திரம் வேண்டும் போலிருக்கிறது என்று அதோடு விட்டுவிடுவோம்.

இயந்திரம் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் நல்ல தயிர் ஐஸ் செய்யலாம். பால் காய்ச்சியதற்குப் பிறகு அடுப்பே வேண்டாம். ஒரு பருத்தித் துணி, ஒரு வடிகட்டி, ஓர் எவர்சில்வர் தட்டு போதும். தயிருக்குள் இருக்கும் நீர் குளிரில் எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும் புரிய வேண்டும். புரிந்துவிட்டால் அளவுகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

தயிரின் எடையில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். அவ்வளவு நீர் இருந்தும் கிண்ணத்தைச் சாய்த்தால் கொட்டாமல் நிற்கிறதே, எப்படி? பாலில் கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் பாலின் லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. பாலின் பி.ஹெச். சுமார் 6.7. அது 4.6-ஐ நெருங்கும்போது அந்த விலக்குவிசை அடங்கிவிடுகிறது. உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. அந்த வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது.

வலை எவ்வளவு நெருக்கமாக அமைகிறது என்பது பால் காய்ச்சும்போதே தீர்மானமாகிவிடும். பாலை 85, 90 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்திருந்தால், இன்னொரு வகைப் புரதமான மோர்ப்புரதம் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் வலை நீரை நன்றாகப் பிடித்து வைக்கும். பொங்கியவுடன் அடுப்பை அணைக்காமல், சிறு தீயில் சற்றே சுண்ட விட்டு இறக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது. அந்தத் தயிர் கத்தியால் வெட்டும் பதத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது அதை ஃப்ரீசரில் வைக்கிறோம். நீர் உறையும்போது ஒரு விதியை மீறாது. பனிப்படிகம் நீர் மூலக்கூறுகளை மட்டுமே சேர்த்துக்கொண்டு வளரும். சர்க்கரை, உப்பு, அமிலம், புரதம் எல்லாவற்றையும் வெளியே ஒதுக்கிவிடும். குச்சி ஐஸ் சாப்பிட்ட எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம். நாலு இழுப்பு உறிஞ்சினால் ஆரஞ்சு நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும்; குச்சியில் வெறும் வெள்ளை ஐஸ் நிற்கும். நிறமும் சர்க்கரையும் படிகங்களுக்குள்ளே போகவில்லை, இடுக்குகளில் பாகாக ஒளிந்திருந்தன. அவற்றைத்தான் உறிஞ்சிவிட்டோம்.

தயிரிலும் இதேதான் நடக்கிறது, வேதனை கொஞ்சம் அதிகம். வளரும் படிகம் புரத வலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. படிகத்தின் அளவு சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதற்குள் இருந்தால் நாக்குக்குத் தனியாகத் தெரியாது, வழுவழுப்பாக உணர்வோம். அதைத் தாண்டினால் நறநறக்கும். டம்ளரில் மெதுவாக உறைந்த தயிரில் படிகங்கள் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. ஆகவே தயிர் ஐஸ் செய்பவருக்கு இரண்டு வேலைகள். உறையக்கூடிய நீரைக் குறைக்க வேண்டும். மிச்சமுள்ள நீரைச் சிறு சிறு படிகங்களாக, வேகமாக உறைய வைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தேவையோடு இயங்கிய ஒரு பெரிய வணிகத்தின் அடையாளம் நம் மெரினாவிலேயே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அறியப்படும் கட்டடம் 1842-ஐ ஒட்டி, அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டது. அந்த வட்டாரத்துக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர் 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்து, கப்பல் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அடுத்து பம்பாய்க்கும் சென்னைக்கும் வியாபாரம் பரவியது.

அந்த ஐஸ் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலம் முழுக்க, மேலிருந்து கீழாக, மெதுவாக உறைந்தது. மெதுவாக உறைந்ததால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. அழுக்கும் காற்றும் கீழே தள்ளப்பட்டு, கண்ணாடிபோல் தெளிந்த பாளங்கள் கிடைத்தன. பாளம் பெரிதாக இருந்தால் அதன் கனஅளவோடு ஒப்பிடப் புறப்பரப்பு குறைவு, அதனால் உருகுவதும் மெதுவாகத்தான். டியூடருக்கு வேண்டியது அதுதான். பெரிய படிகம், பெரிய பாளம், மெதுவான உறைவு. நமக்கு வேண்டியது சிறிய படிகம், மெல்லிய தகடு, வேகமான உறைவு. 1880 வாக்கில் இயந்திர ஐஸ் வந்து அந்தக் கடல்வழி வணிகம் முடிந்தது. அந்த ஏரிகள் இருந்த அதே நியூ இங்கிலாந்துப் பகுதியில்தான் 1970-களில் ஹுட் என்ற பால் நிறுவனம் உறைந்த தயிரைக் கடைச் சரக்காக்கியது. ஐஸும் அங்கிருந்து வந்தது, ஃப்ரோசன் யோகர்ட் என்ற வியாபாரமும் அங்கிருந்து வந்தது. தயிர் மட்டும் என்றைக்கும் இங்கே இருந்தது. அதனால்தான் இதை நாம் கடையில் போய் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முதல் வேலை நீரைக் குறைப்பது. அரை லிட்டர் பாலில் தோய்த்த தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, முடிந்து, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 200 கிராம் தெளிந்த நீர் இறங்கிவிடும். மேலே 300 கிராம் கெட்டித் தயிர் நிற்கும். முதலில் 435 கிராம் நீர் இருந்தது. இப்போது 250 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் புரதமும் சேர்ந்து ஒழுகும். இன்னொன்று, துணி முடிச்சைச் சமையலறையில் ஆணியில் தொங்கவிடுவதெல்லாம் மார்கழிக்குச் சரி. மே மாதத்தில் வடிவதற்குள் புளித்துவிடும். வடிகட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

எந்தப் பால் என்று கேட்பீர்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3 சதவீதம். இதற்கு ஆரஞ்சுதான். கொழுப்பு நீரில் கரைவதில்லை, ஆகவே உறைநிலையை அது மாற்றாது. ஆனால் அதன் நுண்துளிகள் படிகங்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கின்றன. நாக்கில் பூசினாற்போல் ஒரு வழவழப்பையும் தருகின்றன. கொழுப்பை எடுத்த தயிரில் செய்துவிட்டு நன்றாக வரவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

அடுத்தது சர்க்கரை. இங்கேதான் பலர் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். தயிர் ஐஸில் சர்க்கரைக்கு இரண்டு வேலைகள் உண்டு. இனிப்பு ஒன்று. நீரை முழுவதும் உறைய விடாமல் தடுப்பது இன்னொன்று. நீரில் எது கரைந்திருந்தாலும் அதன் உறைநிலை இறங்கும். இறக்கத்தைத் தீர்மானிப்பது கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கை, அவற்றின் எடையோ இனிப்போ கிடையாது. பால் மைனஸ் அரை டிகிரியை ஒட்டி உறைகிறது. தயிர் அதைவிடச் சற்றுக் கீழே. வடித்த 300 கிராம் தயிரில் 45 கிராம் சர்க்கரை, அதாவது மூன்றரை மேசைக்கரண்டி, கரைத்தால் உறைநிலை இன்னும் 1 டிகிரி இறங்கும். மொத்தம் மைனஸ் ஒன்றரைக்குப் பக்கம்.

ஒன்றரை டிகிரிதானே, ஃப்ரீசரில் மைனஸ் 18 இருக்கிறதே, இதனால் என்ன ஆகிவிடும்? முக்கியமான சங்கதி இங்கேதான் இருக்கிறது. மைனஸ் ஒன்றரையில் முதல் படிகங்கள் பிறக்கின்றன. அவை சுத்த நீரை எடுத்துக்கொள்வதால் மிச்சமுள்ள திரவத்தில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. செறிவு கூடினால் அதன் உறைநிலை மேலும் இறங்கும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் நீர் பனியாகும், பாகு இன்னும் கெட்டியாகும், உறைநிலை இன்னும் இறங்கும். இப்படியே துரத்திக்கொண்டு போய், மைனஸ் 18-லும் ஒரு பங்கு நீர் உறையாமல் பாகாகவே நிற்கிறது. படிகங்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பாகுதான் ஸ்பூனுக்கு வழி விடுகிறது. சர்க்கரையே சேர்க்காத தயிரில் அந்தப் பாகு மிகக் குறைவு, அதனால் கல்.

தேன் சேர்ப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. சாதாரணச் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்தது. தேனில் அவை பெரும்பாலும் பிரிந்தே இருக்கின்றன. ஆகவே அதே எடைத் தேன், சர்க்கரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உறைநிலையை இறக்கும். பாதிச் சர்க்கரை, பாதித் தேன் என்று கலந்தால் மென்மை கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மாத்திரையாகவும் சொட்டாகவும் வரும் செயற்கை இனிப்பூட்டிகள் மிகக் குறைந்த அளவிலேயே இனிப்பவை. மூலக்கூறு எண்ணிக்கைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவற்றைப் போட்டால் இனிப்பான கல் கிடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதற்குப் பதிலாகச் சிறிய துண்டாகச் சாப்பிடலாம், அதுவும் மருத்துவர் அனுமதித்த அளவில்.

கலவையை ருசி பார்க்கும்போது ‘கொஞ்சம் தித்திப்பு அதிகம்’ என்று தோன்ற வேண்டும். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்ற அயனி வாயில் இருக்கிறது. சூட்டில் அது தாராளமாகத் திறக்கும், குளிரில் சுணங்கும். உறைந்தபின் அதே இனிப்பு அளவாகத் தெரியும்.

பழத்துக்கும் இதே கணக்குதான். நன்கு பழுத்த பங்கனப்பள்ளியின் கூழில் அதன் சர்க்கரையே இருப்பதால் தயிரோடு நன்றாக உறையும். தர்பூசணி 90 சதவீதத்துக்கு மேல் நீர். அதைச் சேர்த்தால், இவ்வளவு நேரம் வடித்தெடுத்த நீரைத் திரும்ப ஊற்றுவதுதான். வாழைப்பழம் மசித்தது பெக்டினால் நீரைப் பிடித்துக்கொள்ளும். நன்னாரிப் பாகு என் விருப்பம். அது ஏற்கெனவே கெட்டிச் சர்க்கரைப் பாகு என்பதால் சர்க்கரைக்குப் பதிலாகவே ஊற்றலாம். கல்யாண வீட்டுப் பகாளாபாத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் போடுவார்களே, அதுவும் ஒத்துப்போகும். ஆனால் திராட்சையை முழுசாகப் போடாதீர்கள். முழு திராட்சை உறைந்தால் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

இனி வேகம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். சுழி டிகிரியில் இருக்கும் அதே நீரைப் பனியாக்க 80 கலோரி எடுக்க வேண்டும். இவ்வளவு வெப்பத்தையும் ஃப்ரீசரின் காற்றுதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். ஆகவே காற்று படும் பரப்பு கூட வேண்டும், தயிரின் கனம் குறைய வேண்டும். கணக்குப் போட்டால், இருபுறமும் குளிர்காற்று படும் ஒரு சென்டிமீட்டர் கனத் தயிர் சுமார் இரண்டு மணி நேரத்தில் உறையும். ஏழு சென்டிமீட்டர் அகல டம்ளர் தயிருக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். அந்த ஏழெட்டு மணி நேரத்தில்தான் படிகங்கள் கொழுக்கின்றன.

இதற்குப் பொருத்தமான பாத்திரம் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. மினி இட்லித் தட்டு. சாம்பார் இட்லிக்கு வாங்கியது; உஸ்மான் சாலைப் பாத்திரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே தட்டு. குழி ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய ஆழம், கீழே மெல்லிய எவர்சில்வர், தட்டுகளுக்கு நடுவே இடைவெளி. ஆவி எல்லாப் பக்கமும் புகுந்து மாவைச் சீக்கிரம் வேக வைக்க வேண்டும் என்பதற்காக அமைந்த வடிவம் அது. வெப்பம் உள்ளே போவதற்கு நல்ல வடிவம், வெளியே வருவதற்கும் நல்ல வடிவம். எவர்சில்வர் அலுமினியத்தைவிட மோசமான கடத்திதான். ஆனால் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு மேல். வடித்த தயிர் கெட்டியாக இருப்பதால் தட்டின் சிறு துளைகளில் ஒழுகாது.

தட்டைக் காலியாக அரை மணி ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிடுங்கள். கலவையையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, கரண்டியால் குழிக்குக் கொஞ்சமாக வையுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் தட்டை ஃப்ரீசரின் அடித்தளத்தில் நேராக வையுங்கள். பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு அடியில்தான் குளிர்க்குழாய் ஓடுகிறது. இரட்டைக் கதவு என்றால் காற்று வரும் துவாரத்துக்கு எதிரில். உறைந்ததும் தட்டின் அடியை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். மூடியுள்ள டப்பாவில் போட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம். தட்டு இல்லாதவர்கள் வட்டத் தாம்பாளத்தில் வெண்ணெய்த்தாள் விரித்து, விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, மாதுளை தூவி, உறைந்தபின் ஒடித்துக்கொள்ளலாம்.

பரிமாறும்போது சென்னைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டின் மேல் அந்த நீராவி படிகிறது. ஆவி நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் மாறும். ஒரு கிராம் ஆவி படிந்தால் அது தரும் வெப்பத்தில் சுமார் ஏழு கிராம் பனி உருகும். வறண்ட காற்றுள்ள ஊரில் இதே வெயிலில் ஐஸ் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கடற்காற்று வீசும் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் தாங்காது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஈரக்காற்று விடாமல் வந்து படும். உருகுவது இன்னும் வேகமாகும். கிண்ணத்தையும் குளிரவைத்து, ஆளுக்கு நாலு துண்டாக எடுத்து, டப்பாவை உடனே உள்ளே வைப்பதுதான் வழி.

கடைசியாக, கிருமிகள் பற்றி. ஃப்ரீசர் எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. உறையும்போது பாக்டீரியாக்களில் ஒரு பகுதி சாகும். மீதி வளராமல் முடங்கிக் கிடக்கும், சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். தயிரின் நல்ல பாக்டீரியாக்கள் தயிர் ஐஸிலும் உயிரோடு நமக்குக் கிடைப்பது இதனால்தான். நோய் தரும் கிருமிகள் தப்பிப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே பாலை நன்றாகக் காய்ச்சுங்கள்; துணியை வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திப் பயன்படுத்துங்கள்; பழத்தைக் கழுவிய பிறகு நறுக்குங்கள்.

மின்சாரம் போய்த் துண்டுகள் உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். வலை ஏற்கெனவே கிழிந்திருக்கும், இரண்டாவது முறை படிகங்கள் இன்னும் பெரிதாகும். குளிர்ச்சி இன்னும் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து லஸ்ஸியாகக் குடித்துவிடலாம். சூடேறிக் கிடந்தது என்றால் கொட்டிவிடுங்கள். உருகாவிட்டாலும் ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வெப்பம் ஏறி இறங்கும். சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும். அதனால் ஒரு முறைக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் போகாமல் செய்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.